சி.ஐ.எஃப். எனக்குக் கற்றுக்கொடுத்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டிருந்தார். நேற்றுதான் விடுதலை. முதல் கடிதம் உனக்கு.

காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பன்னாட்டு வணிகம் பாடம் எடுக்கப் போகிறாய் என்றதும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எந்த வரையறையிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். வரையறைகள் பாடப்புத்தகத்திலேயே கிடக்கின்றன. இந்தத் துறையில் சிக்கல் வேறு. ஒரு சொல்லைப் பார்த்ததும் ஓர் அர்த்தம் தோன்றும், உள்ளே வேறொன்று இருக்கும். நான் பணம் தொலைத்ததும் அப்படித்தான்.

ஒப்பீட்டு நன்மையையே எடுத்துக்கொள். 'எந்த நாடு ஒரு பொருளை நன்றாகச் செய்கிறதோ அது ஏற்றுமதி செய்யும்' என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் சொன்னது அது இல்லை. அவர் கணக்குப்படி, குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. அப்புறம் எதற்கு வாங்க வேண்டும்? இங்கிலாந்து 100 பேர் நெய்த துணியைக் கொடுத்து, தானே செய்தால் 120 பேரைக் கேட்கும் மதுவைப் பெறுகிறது. போர்ச்சுகல் 80-ஐக் கொடுத்து 90-ஐ வாங்குகிறது. இருவருக்கும் மிச்சம். கரும்பலகையில் இதை நீ போடும் அழகை நான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும். போர்ச்சுகல் நெசவாளி மறுநாளே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவான் என்று அந்தக் கணக்கு சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறது. நாட்டுக்கு லாபம்தான், தறியை இழந்தவனுக்கு? புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். நீ தாண்டாதே.

'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்பதும் அப்படித்தான். ஏதோ தனிச் சலுகை மாதிரி ஒலிக்கும். உண்மையில், ஒருவருக்குக் குறைத்த சுங்க வரியை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் குறை என்பதுதான் விதி. 1947-இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (சுங்க வரி, வணிகம் பற்றிய பொது) ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இதுதான். 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் கீழ் தொடர்கிறது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களுக்கு விலக்கு உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு முறை இயந்திர உதிரி பாகங்களை சி.ஐ.எஃப். விலையில் இறக்குமதி செய்தேன். சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் விற்பவர் தலையில். ஆகவே நம் துறைமுகம் வரும்வரை பொறுப்பும் அவர் தலையில் என்று நிம்மதியாக இருந்தேன். கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே கடல்நீர், பாகங்களெல்லாம் துரு. விற்றவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, "சரக்கு கப்பலில் ஏறியதோடு இழப்பு உங்களுடையது" என்றார். கூலி எதுவரை என்பது ஒன்று, இழப்புப் பொறுப்பு எதுவரை என்பது இன்னொன்று. சி.ஐ.எஃப்.-இல் இரண்டும் வெவ்வேறு இடத்தில் முடிகின்றன.

காப்பீடு இருக்கிறதே என்று அங்கே போனேன். சி.ஐ.எஃப்.-இல் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்பான 'சி' வகைதான். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்த சேதம் அதில் வராது. 'பி' வகையில் வரும். கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும். இந்த விற்பனை விதிகளின் பன்னாட்டுத் தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2020 பதிப்பிலும் சி.ஐ.எஃப்.-க்கு அதே 'சி'தான். கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமான சி.ஐ.பி. என்ற இன்னொரு விதிக்கு மட்டும், மிக விரிவான 'ஏ' வகையாக உயர்த்தியிருக்கிறார்கள். மொத்தம் 11 விதிகள். அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதே. ஒவ்வொன்றிலும் கூலி எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே கைமாறுகிறது என்று இரண்டு புள்ளி வைக்கச் சொல், போதும்.

எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம், இன்னும் பொல்லாதது. பணத்துக்கு வங்கியே உறுதி என்றதும், வங்கி சரக்கையும் பார்த்துக்கொள்ளும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். எல்.சி.-க்கான பன்னாட்டு விதித் தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி, ஆவணங்கள் வந்து ஐந்து வங்கி வேலைநாளுக்குள் அவை சரியா என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. மோசடி நிரூபணமானால் ஒழிய, பெட்டிக்குள் கல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், நடுநிலையான ஒருவரின் சரக்குச் சோதனைச் சான்றிதழையும் எல்.சி.-இல் கட்டாய ஆவணமாகச் சேர்த்துவிடுவார்கள்.

மார்க்கெட்டிங் பகுதியில் செவ்ரோலே நோவா கதையைச் சொல்லலாமா என்று கேட்டாய். ஸ்பானிய மொழியில் 'நோ வா' என்றால் 'ஓடாது', அதனால் கார் விற்கவில்லை என்பார்களே, அது வெறும் கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. மெக்சிகோ அரசு எண்ணெய் நிறுவனம் நோவா என்ற பெயரில் பெட்ரோலே விற்றிருக்கிறது. அதற்குப் பதில் அமெரிக்கக் கடைத்தொடர் வால்மார்ட்டைச் சொல். 1997-இல் ஜெர்மனிக்குள் போய் 2006-இல் கடைகளை விற்றுவிட்டுக் கிளம்பியது. காரணங்கள் பல சொல்வார்கள். குறைந்த விலைதான் அதன் பலம். ஆனால் ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைத்தொடர்கள் ஏற்கனவே அதே பலத்தோடு உட்கார்ந்திருந்த சந்தை அது. எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. சொந்த நாட்டில் 'குறைந்த விலை' என்றால் ஒரு பொருள், அங்கே வேறு.

கண் கூசுகிறது, நிறுத்திக்கொள்கிறேன். முதல் வகுப்பு முடிந்ததும் எழுது. அந்த நெசவாளி என்ன ஆனான் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் சேர்த்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்