கொலைகாரன் பெயரைச் சொல்லாமலும் மதிப்புரை எழுதலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நூல் மதிப்புரைப் பகுதியில் மூன்று நாவல்களைப் பற்றி ஒரே பக்கத்தில் வந்திருந்தது. ஒன்று துப்பறியும் கதை. இன்னொன்றில் இறந்துபோன ஒருவனின் ஆவி மேல் ஒரு பெண்ணுக்குக் காதல். மூன்றாவது, வருங்காலத்தில் நடக்கும் அறிவியல் கதை. இந்த மாதிரி நாவல்களுக்குப் பத்திரிகைகள் மதிப்புரைப் பக்கத்தில் இடம் கொடுப்பதே அபூர்வம். நீங்கள் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் படித்து முடித்தபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. துப்பறியும் நாவலில் கொலை செய்தவர் யார் என்பது மதிப்புரையின் நான்காவது வரியிலேயே இருக்கிறது. அந்தப் புத்தகத்தை முந்தின நாள்தான் வாங்கி வந்து, இன்னும் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருந்தேன்.

நான் கும்பகோணத்தில் 22 வருஷம் வாடகை நூல் நிலையம் நடத்தியவன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணிய தொகுப்புகளும், பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் மாத நாவல்களும்தான் என் கடையில் அதிகம் ஓடியவை. எழுதியவர் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களைவிட, கதையில் துப்பறிகிறவர் பெயரைச் சொல்லி ‘ஒரு விவேக் கொடுங்க’, ‘பரத்-சுசீலா புதுசு வந்துதா’, ‘கணேஷ்-வசந்த் இருக்கா’ என்று கேட்டவர்கள்தான் நிறைய. இவர்கள் எதையும் யோசிக்காமல் பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவர்கள் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. நான் பார்த்தவரை அவர்கள் அளவுக்குக் கறாராகப் படித்தவர்கள் குறைவு.

ஓர் அம்மா, தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர், வாரத்துக்கு மூன்று துப்பறியும் நாவல் எடுப்பார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, துணி அளவு எழுதும் சீட்டில் ஒன்றைக் கிழித்து, கொலைகாரன் இன்னார் என்று பென்சிலால் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகிவிடுவார். அதன் பிறகுதான் மீதியைப் படிப்பார். புத்தகம் திரும்பி வரும்போது பல சமயம் சீட்டும் கூடவே வரும். அவர் எழுதிய பெயர் சரியாக இருந்தால் ‘பரவாயில்லை’ என்பார், அவ்வளவுதான். தப்பாக இருந்தால் இரண்டு விதம். ஒன்று, ‘முப்பதாம் பக்கத்துலயே அவன் இடது கையால கதவைத் திறக்கிறான்னு எழுதியிருக்கார், நான்தான் விட்டுட்டேன்’ என்று முகம் மலரச் சொல்லி, அதே ஆசிரியரின் அடுத்த நாவலைக் கேட்பார். இன்னொன்று, ‘இந்த ஆளு கதையிலயே இல்லையே, எங்கேயிருந்து வந்தான்? ஏமாத்திட்டார்’ என்பார். அந்த ஆசிரியரை அப்புறம் ஆறு மாசத்துக்குத் தொடமாட்டார்.

துப்பறியும் நாவலை எடைபோட இந்த இரண்டு தோல்விக்கும் உள்ள வித்தியாசம் போதும் என்பது என் கட்சி. 1929-ல் ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் வாசகர் கண்ணிலும் பட வேண்டும், முன்கூட்டியே காட்டாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் போகும். தையல்கார அம்மா நாக்ஸைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு பேரும் கேட்டது ஒரே நியாயத்தைத்தான். எல்லாக் கதைக்கும் இதே தராசு என்று சொல்ல வரவில்லை. தற்செயலாக எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பதும் நாக்ஸின் விதிதான். தேவனின் துப்பறியும் சாம்புவோ அதிர்ஷ்டத்தாலேயே ஜெயிப்பவர். அங்கே ஆசிரியர் நமக்குச் சொல்லிக் கூப்பிட்டதே சிரிக்கத்தானே, அதனால் அது குறையில்லை. எந்த வாக்குக் கொடுத்து வாசகரை உள்ளே அழைத்தார், அதைக் காப்பாற்றினாரா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லக் கொலைகாரன் பெயர் எதற்கு?

ஆவிக் காதல் நாவலைப் பற்றி உங்கள் மதிப்புரையாளர் எழுதியது ‘நம்பும்படி இல்லை’ என்ற ஒரே வரி. ஆவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கதைக்குள் அது நிற்கிறதா என்பது வேறு கேள்வி. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிபல்லவத் தீவில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்று உருவம் எடுக்க, வானில் பறக்க, பசியைப் போக்க. அவளை விரும்பித் தேடி வரும் சோழ இளவரசன் உதயகுமரன்தான் போன பிறவியில் தன் கணவன் இராகுலன் என்பதும் அங்கேதான் அவளுக்குத் தெரிகிறது. துறவுக்கும் இந்தப் பழைய பந்தத்துக்கும் நடுவில் நிற்கிறவள், அவன் தேடி வரும்போது காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த நேரம் பார்த்துக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், பன்னிரண்டு வருஷப் பிரிவுக்குப் பிறகு மனைவியைத் தேடி வருகிறான். எதிரில் நிற்பவள் தன் மனைவி என்றும், அவள் மனசு உதயகுமரனிடம் போய்விட்டது என்றும் நினைத்து அவனை வாளால் வெட்டிவிடுகிறான். எந்த மந்திரம் அவளைக் காப்பாற்றும் என்று எடுத்தாளோ, அதுவே அவனைக் கொன்றது. அந்த மந்திரம் அவளிடம் இருப்பது நமக்கு முன்பே தெரியும், கடைசி நேரத்தில் முளைத்த சக்தி இல்லை.

நீங்கள் மதிப்புரை போட்ட நாவலிலும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலிலேயே தெரிகிறதா? சிக்கல் வந்ததும் புதுச் சக்தி வந்து சேருகிறதா? அந்தப் பெண் இந்தக் காதலுக்காக எதை இழக்கிறாள்? ஆவியை எடுத்துவிட்டு துபாயில் வேலை பார்க்கும் ஒருவனை அங்கே வைத்தாலும் கதை அப்படியே நடக்குமானால், அந்த நாவலுக்கு ஆவியே தேவையில்லை.

அறிவியல் கதையில் ‘அறிவியல் தகவல்கள் ஏராளம்’ என்று பாராட்டியிருந்தார். தகவல் வேண்டுமென்றால் பாடப்புத்தகம் இருக்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ என்றதும் எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் ஞாபகம் வரும். எனக்கு அதில் பிடித்துப்போனது, குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்துதான் என்ற ஏற்பாடு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து அம்மா அப்பாவைத் தொடும் அந்தச் சின்னச் சட்டத்திலேயே முழு ஆட்சியும் தெரிந்துவிடுகிறது. வருங்காலக் கதையில் நான் தேடுவது அதைத்தான்.

இந்த வகை நாவல்களை ஆசையோடு படிக்கிற ஒருவரிடம் மதிப்புரைக்குக் கொடுங்கள். முடிவைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மேலே ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள், போதும்.

அந்தத் துப்பறியும் நாவலை நான் படிக்கவில்லை. உங்கள் மதிப்புரையைப் பார்க்காத பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சீட்டும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கும்பகோணம்