கோடையில் நூலகத்துக்கு ஆள் எடுங்கள், சம்பளத்தோடு

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கதவில் மே மாதம் முழுக்க ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'நூலகர் கூடுதல் பொறுப்பில் இருப்பதால் மாலை மட்டும் திறந்திருக்கும்.' பிள்ளைகளுக்கு லீவு விட்ட மாதத்தில் நூலகம் பாதி நாள் பூட்டு. அதைப் படித்தபோது 1981 கோடை ஞாபகம் வந்தது.

அந்த வருடம் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஜவுளிக்கடையில் கூப்பிட்டார்கள், அப்பா விடவில்லை. நூலகம் என்றதும் சரி என்றார். சீர்காழிப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஓட்டுக் கட்டடம், நூலகர் ஒருவர்தான். நாளுக்கு 3 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

முதல் வாரமே சொதப்பினேன். கிழிந்த புத்தகங்களை ஒட்டச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த பசை சோற்றுப் பசைதான். பதினைந்து புத்தகங்களை ஒட்டி அழகாக அடுக்கிவிட்டுப் போனேன். மறுநாள் புத்தகங்களின் முதுகெல்லாம் கடித்துக் குதறிக் கிடந்தது. "ஒட்டச் சொன்னா எலிக்கு விருந்து வச்சிருக்கியேம்மா" என்றார் சார். திட்டவில்லை. மைதா மாவைக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி அண்டாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தேதிச் சீட்டு ஒட்ட, முதுகில் எண் எழுத, முத்திரை குத்த எல்லாம் அங்கேதான் பழகினேன். புத்தகத்தின் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் ரகசியமாக முத்திரை குத்துவோம், திருடுபவர் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் கண்டுபிடிக்க. எந்தப் பக்கம் என்று இங்கே எழுத மாட்டேன்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். ஒரே தினசரியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பெரியவர்கள் படிப்பார்கள். பெண்கள் பையன்களிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். 'கதை ரெண்டு, அழுகை இல்லாதது' என்று ஒரு சீட்டு வந்தது. நான் மேசையில் உட்கார ஆரம்பித்த இரண்டாவது வாரம் அந்த அக்காவே நேரில் வந்துவிட்டார். அப்புறம் அவர் தெருவிலிருந்து மேலும் மூன்று பேர். நான் புத்தகம் தேடித் தடுமாறினால் சார் சொல்வார்: "வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தணும்னு நம்ம சீர்காழிக்காரர் 1931லயே எழுதி வச்சுட்டார்மா." இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனைத்தான் சொல்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறைகள் போக 41 நாள், 123 ரூபாய். அதில்தான் டைப்ரைட்டிங் சேர்ந்தேன். அந்த டைப்ரைட்டிங் என்னைக் கருவூலத்தில் கொண்டுபோய் விட்டது. வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கும்போது பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்போதுதான் உறைத்தது. அந்த 41 நாளில் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதே இல்லை. அப்படியொரு பணியிடமே கிடையாது. மூன்று ரூபாயும் சாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது. கேட்கலாம் என்று போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

நூலகர்கள் இப்படிக் கைக்காசு போட வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி நாம் நூலக வரி கட்டுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு, ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்குக் கிளைக்கு இரண்டு மாணவர்களை எடுக்கலாம். பதினான்கு வயது நிரம்பியவர்கள் ஆபத்தில்லாத வேலை செய்யச் சட்டமே இடம் தருகிறது. இருப்புச் சரிபார்ப்பு, கிழிசல் ஒட்டுவது, பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது என்று வேலைக்கா பஞ்சம்? நூலகர் வேறு கிளைக்குப் போகிற நாளிலும் கதவு திறந்திருக்கும்.

'தன்னார்வத் தொண்டு' என்று சான்றிதழ் நீட்டி அனுப்பிவிட வேண்டாம். காசாகக் கொடுங்கள், பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்,
மயிலாடுதுறை மாவட்டம்