கரையோர மணலையும் கிணற்று நீரையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடற்கரை ஊர்ப் பொதுமக்கள்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: கடல் அரிப்பு – தூண்டில் வளைவு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) அமைக்குமுன், கூட்டப்புளி முதல் உவரி வரையுள்ள கரை முழுவதையும் ஒருசேர அளந்து திட்டமிடக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் வலைக்கூடத்துக்கும் அலைக்கும் நடுவே ஏழெட்டு வள்ளங்களை வரிசையாக ஏற்றி வைத்து, மிச்ச இடத்தில் கருவாடு காயப்போட்ட காலம் எங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று ஒரு ஃபைபர் படகை ஏற்றவே இடம் பார்க்க வேண்டியுள்ளது. கூடத்தின் கடல்பக்கத்து அடிமானக் கல்லில் பாசி பிடித்துவிட்டது; அருகிலுள்ள தென்னையின் வேர்கள், பிடிக்க மண் இல்லாமல், முழங்கால் உயரத்துக்குத் தொங்குகின்றன. முன்பு வந்து பார்த்தவர்கள் படம் எடுத்துச் சென்றதோடு சரி.

கடல் ஏறுவது மட்டுமே இதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகமெடுத்தது. சூடேறிய கடல்நீர் விரிவதும், மலைப்பனியும் கிரீன்லாந்து, அண்டார்டிக்கா பனிப்பாளங்களும் உருகிக் கடலில் சேர்வதுமே இதற்குக் காரணம். இவற்றை நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு நாம் தடுத்துவிட முடியாது. ஆனால் அந்த ஒரு சாண் எத்தனை அடி கரையைத் தின்னும் என்பது பெருமளவு மணலைப் பொறுத்தது. மணலைக் காப்பதோ நம் கையில் இருக்கிறது.

பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடப்பதற்கு, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலே முக்கியக் காரணம். மண் வந்த காலத்தில் கடல் தள்ளிப் போனது; இப்போது அணைகளில் தங்குவதும் ஆற்றில் அள்ளுவதும் போக மிஞ்சுவதே கரைக்கு வருகிறது. ஆத்தங்கரைப் பள்ளிவாசலருகே கடலைத் தொடும் நம்பியாறும் மழைக்காலத்தில்தான் முகத்துவாரம் வரை ஓடுகிறது. உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து கரையில் கொட்டுவது இன்றும் நேர்த்திக்கடன். கரைக்கு மண் எவ்வளவு வேண்டும் என்பது முன்னோருக்குத் தெரிந்தே இருந்திருக்கும் போலும்.

கடற்கரை ஊர்கள் எல்லாம் தூண்டில் வளைவு கேட்டே மனுக் கொடுக்கின்றன, நாங்களும் கொடுத்திருக்கிறோம். ஆனால் கரையோரமாக நகரும் மணலைக் கற்சுவர் ஒருபக்கம் பிடித்து வைத்துக்கொண்டால், மறுபக்கத்து ஊருக்குப் போக வேண்டிய மணல் நின்றுபோய் அங்கே அரிப்பு கூடுகிறது. எங்கள் கரையைக் காத்து அடுத்த ஊரின் கரையைக் கெடுக்க எங்களுக்கு மனமில்லை.

வீடு இழப்பதற்கு முன்பே நாங்கள் நீரை இழந்துவருகிறோம். மணற்பாங்கான கரையில் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் உப்புநீரைத் தள்ளி நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. கடல் ஏறி, ஆழ்துளைக் கிணறுகளும் உறிஞ்சும்போது அந்தச் சமநிலை குலைகிறது. மேற்குத் தெரு உறைகிணற்றுத் தண்ணீரில் இப்போது பருப்பு வேகவில்லை. குடிக்கக் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறோம்.

ஆகவே, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்துக்கு முன்பும் பின்பும் கரையை அளக்க நிலையான அளவுக்கற்கள் நடவும், அதே நாட்களில் கிணறுகளின் உப்புத்தன்மையைச் சோதித்து அளவை ஊராட்சிப் பலகையில் எழுதிவைக்கவும், மணல்மேடுகளில் மண் அள்ளுவதை முற்றிலும் நிறுத்தவும், தூண்டில் வளைவு எங்கே, எத்தனை அடி நீளம் என்பதை அந்த அளவுகள் கிடைத்தபின் எல்லா ஊராரையும் ஒன்றாக அழைத்து முடிவு செய்யவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

கற்கள் நடும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், எங்கள் ஊர் மூத்தவர்கள் அன்று கடலுக்குப் போகாமல் கரையிலிருந்து, பழைய கரை நின்ற இடங்களைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்