செயலாளர் ஆண்டறிக்கை 2025: நிலவை அறிந்த வரலாறு

மன்றத் தலைவர் அவர்களுக்கும், ஆட்சிக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் ஆச்சிமார், அண்ணன்மார், மாணவ உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் நமது அறிவியல் மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டின் கூட்டங்கள் யாவும் நிலவாராய்ச்சியின் வரலாற்றைப் பற்றியே அமைந்தன. எந்த நாடு முந்தியது என்பதைக் காட்டிலும், நிலவைப் பற்றிய எந்தக் கருத்து எதனால் மாறியது என்பதையே பேசுவது என்று ஆட்சிக் குழு முடிவு செய்தது. முந்தியவர் பட்டியல் வினாடி வினாவுக்குப் போதும். அதற்காக ஒரு பட்டாலை நிறைய ஆட்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை.

முதற்கூட்டம் பஞ்சாங்கத்திலிருந்து தொடங்கியது. வாக்கியப் பஞ்சாங்க மரபில் நிலவின் நிலையை நாளுக்கு ஒன்றாகச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்கள், அதாவது மனப்பாடம் செய்வதற்கான சொற்றொடர்கள், உண்டு. நிலவு பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை முடிவதற்கு ஏறத்தாழ 248 நாள் ஆகிறது என்ற கவனிப்பே இந்த எண்ணிக்கைக்கு அடிப்படை. 1825இல் ஜான் வாரன் என்பவர் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய செய்தி பதிவாகியுள்ளது. பிற்காலக் கணக்கோடு ஒப்பிட்டால் தொடக்க நேரத்தில் சில நிமிடங்களும், முடிவு நேரத்தில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகவும் பிழை இருந்தது. பெருமை பேசும்போது இந்தப் பிழையையும் சேர்த்தே பேச வேண்டும் என்று அன்று உரையாற்றிய ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வலியுறுத்தினார். அது எனக்கு மிகவும் உவப்பாக இருந்தது.

தொலைநோக்கிக் காலத்துக்கு ஒரு கூட்டமே ஒதுக்க முடிந்தது. 1609இல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் நிலவைத் தொலைநோக்கியில் பார்த்து வரைந்ததும், அதே ஆண்டின் இறுதியில் கலிலியோ இருண்ட பகுதிக்குள் மின்னிய ஒளிப்புள்ளிகளை மலை உச்சிகள் என்று கண்டு அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டதும் விளக்கப்பட்டன. வானில் உள்ளவை மாசு மறுவற்றவை என்ற பழைய கொள்கை அத்துடன் ஆட்டம் கண்டது.

செப்டம்பர் 7ஆம் நாள் இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை ஊருணிக்கரையில் கூடிப் பார்த்தோம். ஏறத்தாழ 82 நிமிடம் நிலவு முழுவதும் நிழலுக்குள் இருந்தது. பூமியின் வளிமண்டலம் சூரிய ஒளியை வளைத்துச் செவ்வொளியை மட்டும் நிழலுக்குள் அனுப்புவதால்தான் நிலவு செம்பு நிறம் கொள்கிறது என்பதும், சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று ஆரியபட்டர் கி.பி. 499இலேயே எழுதியதும் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. அப்போது மூத்த உறுப்பினரான ஆச்சி ஒருவர், "எப்பப் பார்த்தாலும் ஒரே முகத்தைத்தானப்பா காட்டுது, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே அடுத்த மாதக் கூட்டத்தின் பொருளாயிற்று.

நிலவு தன்னைத்தானே சுற்றவும் பூமியைச் சுற்றவும் ஒரே அளவான 27.3 நாளை எடுத்துக்கொள்வதால் மறுபக்கம் நமக்குத் தெரிவதில்லை. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 அங்கே படம் பிடித்து, படச்சுருளைக் கலத்துக்குள்ளேயே கழுவி, வானொலி அலைவழியே அனுப்பியது. மங்கலான அப்படங்களிலேயே, நாம் காணும் கருந்திட்டுகள் போன்ற எரிமலைக் குழம்புச் சமவெளிகள் மறுபக்கத்தில் மிகக் குறைவு என்பது தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து மண்ணோ 2024இல்தான், சீனாவின் சாங்இ 6 கொண்டுவந்த 1,935.3 கிராமாக, முதன்முதலில் மனிதர் கைக்கு வந்தது.

அதிகம் விவாதிக்கப்பட்டது நீர் பற்றிய கூட்டம். 1969 முதல் 1972 வரை அமெரிக்காவின் ஆறு அப்பல்லோ பயணங்களில் 12 பேர் நிலவில் இறங்கி 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அவற்றை ஆராய்ந்தவர்கள் நிலவு எலும்பாய் உலர்ந்தது என்றே முடிவு கட்டினர். ஆனால் கல்லைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பழைய பேரேட்டை மீண்டும் எடுத்துப் பார்ப்பதுபோல, அதே மாதிரிகளின் எரிமலைக் கண்ணாடி மணிகளை நுட்பமான கருவிகளால் மறுபடி ஆராய்ந்தபோது, 2008இல் அவற்றுள் நீரின் தடயம் வெளிப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1இல் சென்ற அமெரிக்கக் கருவி, நிலவின் மேற்பரப்பிலேயே நீர், ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்தது) ஆகியவற்றின் சுவடுகளைக் கண்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் இறங்கியதைவிட, இறங்கியவர் கொண்டுவந்ததை அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பப் படித்ததுதான் பெரிய செயல் என்பது என் எண்ணம். இதை மறுத்து இளைஞர்கள் சிலர் வலுவாக வாதிட்டனர். போய் எடுக்காமல் எதைப் படிப்பது என்பது அவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் உண்டு. அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த எதிரொளிப்பான்களில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியைக் கொண்டுதான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மை விட்டு விலகுவது இன்றும் அளக்கப்படுகிறது.

இறுதிக் கூட்டம் தரையிறங்குதல் பற்றியது. 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கிய பிறகு, எவையெல்லாம் பிழைபட்டாலும் இறங்கியாக வேண்டும் என்ற நோக்கில் அடுத்த கலம் வடிவமைக்கப்பட்டது. கால்கள் உறுதியாக்கப்பட்டன, இறங்குமிடம் அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குத் தென்முனையை ஒட்டிய பகுதியில் மெல்ல இறங்கியது. மேற்பரப்பில் 50 பாகை செல்சியசை எட்டிய வெப்பம், 8 சென்டிமீட்டர் ஆழத்திலேயே உறைநிலைக்குக் கீழே போனதை அதன் வெப்பமானி காட்டியது. அக்கலத்திலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் ஊர்தி ஆராய்ந்த மண்ணின் கூறுகள், நிலவு தொடக்கத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தன. அந்தக் கருத்தும் அப்பல்லோ கற்களிலிருந்து பிறந்ததே.

வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு உண்டு. நிலவு மேட்டுநிலங்களில் மிகுந்துள்ள அனார்த்தோசைட் என்ற வெண்பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது. அதை அரைத்தே இஸ்ரோ செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்துச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. நிலவியல் ஆசிரியர் ஒருவரின் துணையுடன் மாணவ உறுப்பினர்களை அங்கே அழைத்துச் செல்ல ஆட்சிக் குழு விரும்புகிறது. பேருந்துச் செலவை மன்ற நிதியிலிருந்து ஏற்பதா, உறுப்பினர்களிடம் தனியே வசூலிப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்து, இவ்வறிக்கையையும் ஏற்றருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்