தலை மறுபடி திரும்பினால் மருந்து தோற்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கழுத்து டிஸ்டோனியா (கழுத்துத் தசைகள் தாமாகவே இழுத்துத் தலையைத் திருப்பிவிடும் நோய்) பற்றி ஒரு வரி: "ஊசி போட்ட பிறகும் தலை திரும்பினால், மருந்து அவருக்கு வேலை செய்யவில்லை என்று பொருள்." எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டீர்கள்! இதை நம்பிச் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவருக்கு யார் பதில் சொல்வது?

அந்த ஊசியில் இருக்கும் போட்டுலினம் மருந்து, நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் (தசையைச் சுருங்கச் சொல்லும் வேதிப்பொருள்) சுரக்காமல் தடுக்கிறது. தலையைத் திருப்பச் சொல்லும் கோளாறு மூளையில் அப்படியே இருக்கிறது. தலை இடப்பக்கம் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் வலது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டும் (காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசை) இடது ஸ்ப்ளீனியஸும் (பின்கழுத்துத் தசை) சேர்ந்து இழுக்கும். இரண்டிலும் மருந்து செலுத்தி நான்கு வாரம் கழித்து ஈ.எம்.ஜி. ஊசியை (தசையின் மின் துடிப்பைப் பதிவு செய்து ஒலியாகக் கேட்கவைக்கும் கருவியின் ஊசி) செருகிப் பாருங்கள். அவற்றின் இரைச்சல் அடங்கியிருக்கும். ஆனால் அதுவரை சும்மா கிடந்த வேறு தசைகள், பின்கழுத்தின் செமிஸ்பைனாலிஸோ தோளைத் தூக்கும் லெவேட்டர் ஸ்கேப்புலேயோ, இப்போது பொரிந்து தள்ளலாம். திருப்பம் குறைந்து சாய்வு தெரியும், தோள் மேலேறும். மருந்து போன இடத்தில் வேலை செய்திருக்கிறது, இழுப்புதான் இடம் மாறியிருக்கிறது. பழைய சீட்டைப் பார்த்து அதே புள்ளிகளில் மறுபடியும் குத்தினால் பலன் எப்படி வரும்?

ஈ.எம்.ஜி. பதிவு எடுப்பதிலும் வம்பு உண்டு. நோயாளி தலையை நேராக நிறுத்த முயன்றால் எதிர்ப்பக்கத் தசைகளும் இரைச்சல் போடும். அதைக் குற்றவாளி என்று எண்ணி மருந்து செலுத்தினால், தலையைத் தாங்கிக்கொண்டிருந்த துணையும் போய்விடும். தாடையில் வைத்திருக்கும் விரலை முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும் (அந்தத் தொடுதலே பலருக்கு இழுப்பைக் குறைத்துவிடும்). பிறகு கண்ணை மூடி, தலையை அதன் போக்கில் விடச் சொல்ல வேண்டும்.

"150 யூனிட் போதும்" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த மருந்தின் யூனிட், ஐயா? போட்டுலினம் பல வணிகப் பெயர்களில் வருகிறது. டிஸ்போர்ட்டுக்குத் தொடக்க அளவு 500, ஸியோமினுக்கு 120. ஒன்றின் யூனிட்டை இன்னொன்றுக்கு அப்படியே போட முடியாது. தங்களுக்குத் தெரியாததல்ல. "இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு ஊசி" என்ற அறிவுரை அதைவிட மோசம். முழுப் பலன் தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 12 வாரத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, பிறகு மருந்து உண்மையிலேயே வேலை செய்யாமல் போகக்கூடும். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டின் இரு பக்கமும் மருந்து போட்டால் விழுங்குவது சிரமமாகும் வாய்ப்பு கூடும் என்பதற்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரி இடமில்லை. இதே மருந்தை நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசியாகப் போடும் படத்துக்குக் கால் பக்கம் இருந்தது!

இதே நோயை முன்பு ஓர் இதழில் சுளுக்கு என்றீர்கள், இன்னொன்றில் மன அழுத்தம் என்றீர்கள். இரண்டுக்கும் திருத்தம் வரவில்லை.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், "இழுப்பு திரும்பி வந்தால் எந்தத் தசை என்று மறுபடி பரிசோதிக்க வேண்டும்" என ஒரு வரி போட்டால் போதும். படத்தையும் மாற்றினால் கூடுதல் நன்றி.

இப்படிக்கு,
ஈ.எம்.ஜி. பிரிவில் பணிபுரியும் வாசகர்