அடுத்த கோச் யார் என்ற பேச்சு வந்தால், முதல் போன் ரோனன் ஓகாராவுக்குப் போகட்டும்

அயர்லாந்து ரக்பி சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அயர்லாந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ஃபாரெலின் ஒப்பந்தம் 2027 உலகக் கோப்பை வரை இருக்கிறது, அவர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு அப்புறம் யார் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரோனன் ஓகாரா அயர்லாந்துக்காக ஆடியது 128 ஆட்டம், எடுத்தது 1083 புள்ளி, அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு முக்கியம் கடைசி ஐந்து நிமிடம். 2000 ஹைனெகன் கோப்பை (ஐரோப்பிய கிளப் கோப்பை) இறுதியில் ஓகாரா அடித்த கடைசி நேரப் பெனால்டி தவறி, அவருடைய அணியான மன்ஸ்டர் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அதே மனிதர்தான் 2009-ல் கார்டிஃபில், வேல்ஸ் 15-14 என்று முன்னால் இருக்க, 78-வது நிமிடத்தில் டிராப் கோல் (பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைக்கும் மூன்று புள்ளி) அடித்து, 61 வருடம் கழித்து உங்களுக்கு கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி) வாங்கித் தந்தார்.

ஓய்வு பெற்றதும் அவர் சொந்த ஊரில் பதவி கேட்டு நிற்கவில்லை. பாரிஸில் ராசிங், நியூசிலாந்தில் குருசேடர்ஸ் என்று உதவிப் பயிற்சியாளராகத் தொழில் கற்றுக்கொண்டு, 2019-ல் பிரெஞ்சு கிளப்பான லா ரோஷெலுக்குப் பயிற்சியாளராகப் போனார். மார்செயில் நடந்த 2022 ஐரோப்பியக் கோப்பை இறுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். டப்ளின் அணியான லென்ஸ்டர் 21-17 என்று முன்னிலை, லா ரோஷெல் கோட்டுக்குப் பக்கத்திலேயே ரக் மேல் ரக்காக (தரையில் கிடக்கும் பந்துக்கான தள்ளுமுள்ளு) பந்தை விடாமல் வைத்திருந்து, 79-வது நிமிடத்தில் அந்த அணியின் ரெட்டியேர் கையை நீட்டிப் பந்தை வைக்கிறார், 24-21. அடுத்த வருட இறுதியில் அதே லென்ஸ்டருக்கு எதிராக, டப்ளினிலேயே, ஆரம்பத்தில் 17-0 என்று பின்தங்கியவர்கள் 27-26 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதே 2023-ல் பாரிஸில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதியில் நம் ஆட்கள் பந்தை விடாமல் 37 ஃபேஸ் (அடுத்தடுத்த தாக்குதல் கட்டம்) விளையாடியும் கோட்டைத் தாண்ட முடியாமல், நியூசிலாந்தின் ஒயிட்லாக் பந்தைப் பறித்ததோடு 28-24 என்று வெளியேறினார்கள். உலகக் கோப்பைக் காலிறுதியை அயர்லாந்து ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அணிக்குப் பழக்கிக் காட்டிய ஐரிஷ்காரர் ஒருவர் இருக்கிறாரே!

நடுவர்கள் விஷயத்தில் வாயைக் கட்டாமல் பிரான்ஸில் தடையும் வாங்கியிருக்கிறார், அது தப்புதான். அதை நேரில் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கலாம். ஃபாரெலும் அவருக்கு முன்பு இருந்த ஷ்மிட்டும் அருமையான பயிற்சியாளர்கள், ஆனால் 2013-ல் டெக்லன் கிட்னி போன பிறகு அந்த நாற்காலியில் ஒரு ஐரிஷ்காரர் நிரந்தரமாக உட்காரவே இல்லை.

லா ரோஷெலோடு அவர் போட்ட ஒப்பந்தமும் 2027 வரைதான். வேறு நாட்டுச் சங்கம் கையெழுத்து வாங்கும்வரை காத்திருக்காமல், இப்போதே அவரிடம் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு ரக்பி ரசிகன்