உனக்குப் பன்னிரண்டரை, எனக்குப் பத்து

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

போன புதன்கிழமை நீ போன் எடுத்தபோது, "வை பிள்ளை, பிறகு எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்னேரம் நான் எடுத்துக் கேட்க, "ஒன்றுமில்லை அப்பா, சும்மாதான்" என்றாய். வேலை நாளில் சும்மா போன் எடுக்கிற பிள்ளை இல்லை நீ. அன்றிலிருந்து அது என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிங்கப்பூரில் உனக்கு அது பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். எனக்குப் பத்து மணி. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பத்து மணி எப்படியிருக்கும் என்பது கல்லாவுக்குப் பின்னால் இருந்து பாடம் எழுதின உனக்குத் தெரியாததல்ல. வெங்காய லொறி தெருவை அடைத்து நிற்கும். மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கத்துவார்கள். அன்றைக்கு என் முன்னால் ஒரு கண்டி வியாபாரி. பருப்புச் சாக்கில் குத்தூசியை ஏற்றி, உள்ளங்கையில் கொட்டி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை சொல்லும் நேரம் போனைக் காதில் வைத்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடும்.

அங்கே தேக்காச் சந்தையில் உன்னோடு நடந்தபோது பார்த்தேன், எல்லாவற்றுக்கும் விலை எழுதி வைத்திருந்தார்கள். எடுத்தோம், காசைக் கொடுத்தோம், வந்தோம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. இங்கே ஊர், உறவு, மகளின் கலியாணம் எல்லாம் கதைத்து முடியாமல் ஒரு மூட்டை நகராது. இத்தனைக்கும் இரண்டு ஊரிலும் முன்னே வந்து கடன் கொடுத்து வாங்கியவர்கள் அதே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தான். நீ தைப்பூசத்துக்குப் போகிற டேங்க் ரோடு முருகனும் எங்கள் செட்டியார் தெருக் கதிரேசனும் அவர்கள் வைத்த கோவில்களே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழும்பு ஏறக்குறைய கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில், சிங்கப்பூர் 104 பாகையில். இடையில் 24 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 96 நிமிடம். உன் உச்சிக்கு வந்த சூரியன் ஒன்றரை மணித்தியாலம் கழிந்து சற்று நேரத்தில் என் உச்சிக்கு வந்துவிடுகிறது. இரண்டரை மணித்தியாலம் என்று சொல்வது மணிக்கூடுதான். 1982 ஜனவரி முதலாம் தேதி மலேசியா அரை மணி முன்னுக்குத் தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. அதனால்தான் உங்களுக்கு ஏழு மணியளவில் விடிகிறது. விடியக் காலமை எழும்ப முடியவில்லை என்று உன்னையே நொந்துகொள்ளாதே அம்மா. உன் ஏழு மணி சூரியனுக்கு ஆறு மணிதான்.

இங்கேயும் அப்படி நடந்தது. 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு. மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார்கள். நீ மூன்றாம் ஆண்டு. பாடசாலை வான் வரும்போது இன்னும் இருட்டு. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்போம். "ஏன் அப்பா ராவில பள்ளிக்கூடம்?" என்று கேட்பாய். புறக்கோட்டையில் எவர் நேரம் சொன்னாலும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை ஏழரைக்கு வருகிற ராகுகாலம் எட்டரைக்குப் போனது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரை மணி 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடுதான் வந்தது. அதற்குள் நீ வளர்ந்துவிட்டாய்.

இனிமேல் பன்னிரண்டரைக்கே எடு. கடைப் பொடியனிடம் சொல்லிவிட்டேன், உன் போன் வந்தால் தராசை அவன் பார்ப்பான். நான் பின்கட்டுக்குப் போய்க் கதைப்பேன். வியாபாரி போனால் போகட்டும். ஞாயிறு கடை பூட்டு, அன்றைக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அம்மாவும் பக்கத்தில் இருப்பா.

புதன்கிழமை என்ன சொல்ல வந்தாய், பிள்ளை? போனில் சொல்ல ஏலாது என்றால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா